சுவிட்ச் வாங்கியும் வேகம் கூடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

ஆண்டு 1998. அலுவலகத்தில் 20 கணினிகள், ஒரே ஹப். விநாடிக்கு 10 மெகாபிட் என்பது ஆளுக்குப் பத்து அல்ல. எல்லோருக்கும் சேர்த்தே பத்து. ஒரு கணினி பேசினால் மற்றவை காத்திருக்க வேண்டும். இரண்டு சேர்ந்து பேசினால் மோதல். ஒதுங்கி, மறுபடி முயல வேண்டும். 16 முறை தோற்றால் நெட்வொர்க் அட்டை அந்த ஃபிரேமையே கைகழுவிவிடும். சுவிட்ச் அப்படியல்ல. எந்த முகவரி எந்தப் போர்ட்டில் என்று கற்றுக்கொண்டு, உரியவருக்கு மட்டும் அனுப்பும். இவ்வளவு நல்ல சாதனத்தை வீணாக்கக் கொஞ்சம் உழைக்கத்தான் வேண்டும்.

1. எதையும் அளக்காதீர்கள். ஹப்பில் மோதல் விளக்கு எரிகிறதா, சர்வரின் ஹார்டு டிஸ்க் திணறுகிறதா என்று பார்த்தால், சுவிட்சே தேவையில்லை என்று தெரிந்துவிடும் அபாயம் உண்டு. ஆர்டரோடு, விற்பவர் தரும் தீபாவளி ஸ்வீட் பாக்ஸும் போய்விடும்.

2. சுவிட்சின் ஓரத்தில் 100 மெகாபிட் போர்ட் இரண்டு இருக்கும். அவற்றை அழகுக்கு விட்டுவிட்டு, சர்வரை 10 மெகாபிட் போர்ட்டிலேயே செருகுங்கள். எல்லோரும் போவது அந்த ஒரே சர்வருக்குத்தானே? ஹப்பில் நின்ற வரிசை இனி சர்வர் வாசலில் நிற்கும்.

3. விவரம் தெரிந்த யாரோ சர்வரை 100-க்கு மாற்றிவிட்டாரா? கலங்காதீர்கள். சுவிட்ச் பக்கம் ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும்) என்று கட்டிப்போட்டு, சர்வர் பக்கம் 'ஆட்டோ'வில் விடுங்கள். பேச்சுவார்த்தைக்கு ஆள் இல்லாத சர்வர், மாறி மாறிப் பேசும் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். பிங் போகும், பெரிய கோப்புதான் நகராது. பழுதுபார்க்க வருபவர் பிங் அடித்து, "எல்லாம் ஓகே சார்" என்று கையெழுத்து வாங்கிப் போவார்.

4. பழைய ஹப் காசு கொடுத்து வாங்கியது. கணக்குப் பிரிவு முழுவதையும் அதிலேயே விட்டு, அங்கிருந்து சுவிட்சுக்கு ஒற்றைக் கேபிள் இழுங்கள். அவர்களுக்கு 10 மெகாபிட் பங்கீடு தொடரும்.

5. மிஞ்சிய கேபிளின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகுங்கள். இப்படிப்பட்ட வளையத்தைக் கண்டு அடைக்க ரேடியா பெர்ல்மன் 1985-இல் வகுத்த ஸ்பானிங் ட்ரீ இல்லாத மலிவுச் சுவிட்சாக இருப்பது முக்கியம். ஒரே ஒரு பிராட்காஸ்ட் சுற்றிச் சுற்றிப் பெருகி, அலுவலகத்துக்கே விடுமுறை வாங்கித் தரும்.

6. கடைசியாக மேலாளருக்கு அறிக்கை: "நெட்வொர்க் நவீனமாகிவிட்டது. கணினிகள்தான் பழசு. 20 புதுக் கணினிகளுக்கான கொட்டேஷன் இணைப்பில்."