பாதித் திரை

2001 நவம்பரில் மைக்ரோசாஃப்ட்டின் முதல் எக்ஸ்பாக்ஸ் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது ‘ஹாலோ: காம்பாட் எவால்வ்ட்’ ஆட்டமும் கூடவே வந்தது. துப்பாக்கி ஆட்டம் என்றால் கணினி, கீபோர்டு, மவுஸ் என்று பலரும் நம்பிய காலம் அது. கட்டைவிரலை வைத்துக்கொண்டு எப்படிக் குறி பார்ப்பது என்ற கேள்விக்கு, ஆட்டத்தை உருவாக்கிய பன்ஜி நிறுவனம் நல்ல பதில் வைத்திருந்தது. கன்ட்ரோலரின் இடது குச்சியில் நடக்கலாம், வலது குச்சியில் பார்க்கலாம். குறி எதிரி மேல் படும்போது திரும்பும் வேகத்தை ஆட்டமே கொஞ்சம் தணித்துக்கொடுக்கும். குண்டு வீச ஒரு பொத்தான் தனியாக இருந்ததால், அதற்காகத் துப்பாக்கியைக் கீழே வைக்க வேண்டியதில்லை. கையில் இரண்டே ஆயுதங்கள்தான். மூன்றாவது வேண்டுமென்றால் ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் எடுக்க முடியும்.

நாங்கள் அப்போது டெக்ஸாஸில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தோம். நான்கு பேருக்கு ஒரு வீடு, யாரோ விட்டுப்போன சோபா, பழைய பெட்டி டிவி. கதைப் பகுதியை இரண்டு பேர் சேர்ந்து ஆடினால் திரை குறுக்கே இரண்டாகப் பிரியும். மேல் பாதி எங்கள் நால்வரில் ஒருவனான தூத்துக்குடிக்காரனுக்கு, கீழ்ப் பாதி எனக்கு.

எதிரிகளில் உயரமான எலீட்டுகளுக்கு நாங்கள் நெட்டையன் என்று பெயர் வைத்திருந்தோம், கிரண்ட்டுகளுக்குக் குட்டையன். நெட்டையனின் ஒளிக்கவசத்தைச் சாதாரணத் தோட்டாவால் உடைக்க நேரம் பிடிக்கும். பிளாஸ்மா பிஸ்டலின் விசையை அழுத்திப் பிடித்தால் முனையில் பச்சை உருண்டை ஒன்று திரளும். விட்டதும் அது ஆளைத் தேடிப்போய் மோதி, கவசத்தை ஒரே அடியில் இறக்கிவிடும். “கவசம் போச்சுல, தலையில போடு!” என்று அவன் கத்துவான், என் கைத்துப்பாக்கி ஒரு தோட்டாவில் முடித்துவிடும். தலைவன் விழுந்ததும் குட்டையர்கள் கையைத் தூக்கிக்கொண்டு அலறி ஓடுவார்கள். குண்டு உருண்டு வருவதைப் பார்த்தால் நெட்டையன் பக்கவாட்டில் பாய்ந்து தப்பிப்பான். எதிரிகள் இப்படி நடந்துகொண்டதால் ஒரே கடற்கரையில் எத்தனை தடவை இறங்கினாலும் சண்டை ஒரே மாதிரி நடக்கவில்லை. ஹாலோவின் பெரிய பலம் இதுதான் என்று இன்றும் சொல்வேன்.

குறைகளும் சின்னவை அல்ல. ஏழாம் கட்டமான ‘தி லைப்ரரி’ வடிவமைப்பிலேயே கோளாறானது. ஒரே மாதிரி இருண்ட தாழ்வாரம், அடுத்த தளத்திலும் அதே தாழ்வாரம், விடாமல் வந்து விழும் ஃப்ளட் என்ற எதிரிக் கூட்டம். செத்துக் கிடந்தது மறுபடி எழும். இருட்டிலிருந்து ஒன்று ராக்கெட்டை ஏவும், அதோடு கதை முடிந்தது. எட்டாம் கட்டத்திலோ, ஐந்தாம் கட்டத்தில் ஏறிப்போன பனிப் பள்ளத்தாக்கை எதிர்த்திசையில் திரும்ப நடக்க வேண்டும். ஆட்டத்தின் முதல் பாதியைச் செதுக்கியவர்களுக்கு இரண்டாம் பாதிக்கு நேரம் போதவில்லை என்பது விளையாடும்போதே தெரிந்தது.

அந்தத் தாழ்வாரங்களில் எங்களைக் காப்பாற்றியது ஒரு விதி. ஒருவன் செத்தாலும், மற்றவன் உயிரோடு சண்டையிலிருந்து விலகி நின்றால், செத்தவன் திரும்பி வந்துவிடுவான். ஆகவே ஒளிந்துகொள்வதும் ஒரு வேலை. “ஒளிஞ்சுக்க, வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டுத் தன் பாதித் திரை உயிர்பெறும்வரை அவன் என் பாதியையே பார்த்துக்கொண்டிருப்பான். துணை இருந்ததால் லைப்ரரி நல்ல கட்டமாகிவிடவில்லை. கடந்துபோக முடிந்தது, அவ்வளவுதான்.

முதல் ஹாலோவில் இணைய வழி ஆட்டம் கிடையாது. நான்கு எக்ஸ்பாக்ஸ்களைக் கேபிளால் இணைத்தால் பதினாறு பேர்வரை மோதலாம். வார இறுதியில் டிவியைத் தூக்கிக்கொண்டு நண்பர்கள் வருவார்கள். பக்கத்துக் கால்பங்குத் திரையை எட்டிப் பார்த்து ஒளிவிடத்தைக் கண்டுபிடிப்பது மகா குற்றம். எல்லோரும் செய்தார்கள், எல்லோரும் சண்டை போட்டார்கள்.

இன்றைக்கு அந்த ஆட்டம் எவ்வளவோ மெருகேறியிருக்கிறது. 2011-இல் வந்த ஆண்டுவிழாப் பதிப்பில் ஒரு பொத்தானைத் தட்டினால் பழைய காட்சி புதுக் காட்சியாக மாறும். 2021-இல் வந்த ‘ஹாலோ இன்ஃபினிட்’டில் கொக்கிக் கயிற்றை வீசி மலை ஏறுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனால் 2015-இன் ‘ஹாலோ 5’இல் பாதித் திரையை அடியோடு எடுத்துவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், இனி வரும் ஆட்டங்களில் கட்டாயம் உண்டு என்று 2017-இல் வாக்குக் கொடுத்தார்கள். இன்ஃபினிட்டின் கதைப் பகுதி துணையோடு ஆடும் வசதியே இல்லாமல் வெளிவந்தது. 2022 நவம்பரில் இணைய வழியில் சேர்ந்து ஆட முடிந்தது. அருகருகே உட்கார்ந்து ஆடும் வசதியைக் கைவிட்டதாக அதற்குச் சற்று முன்பே அறிவித்திருந்தார்கள்.

தூத்துக்குடிக்காரன் இப்போது மெல்போர்னில் இருக்கிறான். நேரம் ஒத்துவந்தால் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஆடுகிறோம். குரல் தெளிவாகக் கேட்கிறது, படமும் துல்லியம். ஆனால் அவன் எங்கே பார்க்கிறான் என்பது எனக்குத் தெரிவதில்லை. அன்று அவன் கவசப் பட்டை சிவந்து துடிப்பது என் ஓரக்கண்ணில் படும், அவன் வாயைத் திறக்குமுன் நான் ஓடியிருப்பேன். இன்று “எங்கடா இருக்க?” என்று கேட்டே பாதி நேரம் போகிறது. திரையைப் பிரித்தால் படத்தின் தரம் குறையும் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் அந்தத் தரத்துக்காக விட்டுக்கொடுத்தது இந்த ஓரக்கண் பார்வையை.

மகளோடு பழைய ஹாலோவை ஆடும்போது அது திரும்பக் கிடைக்கிறது. பழைய ஆட்டங்களைச் சேர்த்து 2014-இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் தொகுப்பில் பாதித் திரை இன்னும் உண்டு. கடைசிக் கட்டத்தில் வெடிக்கப்போகும் கப்பலுக்குள் கடிகாரம் இறங்கிக்கொண்டே வர, நான் வார்ட்ஹாக் ஜீப்பை ஓட்டுகிறேன், அவள் பின்னால் நின்று பீரங்கியைச் சுழற்றுகிறாள். “அப்பா, இடது பக்கம் திருப்புங்க!” என்கிறாள். நான் பார்க்காத பள்ளம் அவள் பாதியில் தெரிகிறது.

2025 அக்டோபரில் முதல் ஹாலோவின் கதையைப் புதிதாக வார்த்துத் தரப்போவதாகவும், அதில் இருவர் ஒரே திரையில் ஆடலாம் என்றும் அறிவித்தார்கள். பிளேஸ்டேஷனிலும் வரும் என்பதுதான் பரபரப்பாகப் பேசப்பட்டது. எனக்கு வேண்டியது அந்தப் பாதித் திரை. அது வெளியீட்டு நாளன்றே ஆட்டத்தில் இருக்க வேண்டும். பிறகு சேர்க்கிறோம் என்ற பேச்சை இன்ஃபினிட்டின்போதே கேட்டாயிற்று.