ஜேசனில் இன்மை: ஒரு தருக்க ஆராய்ச்சி

அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகம் இன்மையை நான்காக வகுத்தது. மொபைல் ஆப்பும் சர்வரும் பேசிக்கொள்ளாத காலத்து நூல் என்பதால் இந்தக் குறையை மன்னிக்கலாம். ஜேசன் தரவை வாங்கி டீகோட் செய்து வயிறு வளர்ப்போர் அறிந்த இன்மை ஐந்து.

தலையாயது, கீயே வராமை. எடை சுழியம். அடுத்தது நல். டக்ளஸ் கிராக்ஃபோர்டு (ஜேசனை உருவாக்கவில்லை, கண்டெடுத்தேன் என்று சொல்லிக்கொண்டவர்) பரப்பிய வடிவில் முறைப்படி ஒப்புக்கொள்ளப்பட்ட இன்மை இது ஒன்றே. ஆனால் கூலி கேட்கும். இனிஷியலோடு வாழும் தமிழருக்கு 'மிடில் நேம்' ஏது? இருந்தும் அந்தக் கீ, மேற்கோள்குறி, முக்காற்புள்ளி, நல், காற்புள்ளி எல்லாம் சேர்ந்து 19 பைட். ஆயிரம் பேருக்கு 19,000. ஜிசிப் சுருக்கிவிடும் என்பர். சுருங்கியது போனில் விரிந்தாக வேண்டும். பார்சர் ஒவ்வோர் எழுத்தையும் படித்தாக வேண்டும்.

மூன்றாவது வெற்று ஸ்ட்ரிங்; சாது. நான்காவது, மேற்கோளுக்குள் புகுந்த நல். சர்வர் ஒழுங்காக அனுப்பினாலும், ஆண்ட்ராய்டோடு கூடவே வரும் ஜேசன் நூலகத்தின் ஆப்ட்ஸ்ட்ரிங், நல்லைக் கண்டால் அதையே சொல்லாக்கிக் கையில் கொடுக்கும். 'வணக்கம், நல்!' என்று ஆப் வாழ்த்துவது இதனால்தான்.

ஐந்தாவது பிஹெச்பி தந்த கொடை. காலி அரே பட்டியலா அகராதியா என்று அந்த மொழிக்கே தெரியாது; நெளி அடைப்பு வரவேண்டிய இடத்தில் சதுர அடைப்பை அனுப்பிவிடும். செட்டிங்ஸ் எதையும் தொடாத புதுப் பயனருக்கு மட்டும் ஆப் படுக்கும். சோதித்துப் பார்க்கும் டெவலப்பரோ எல்லா செட்டிங்ஸையும் மாற்றி வைத்திருப்பார். அவருக்கு ஒருநாளும் படுக்காது.

இனி உரையாசிரியர் மரபு, அதாவது ஜேசனை டீகோட் செய்துதரும் கருவிகள். 2017இல் ஸ்விஃப்ட் 4உடன் வந்த கோடபிள் கறார்ப் பேர்வழி: நூறு பொருளில் ஒன்றின் விலை நல் என்றால் நூறையும் திருப்பி அனுப்பும். ஜிசான் தாராள மனத்தார். நல் கூடாது என்று கோட்லினில் அறிவித்த இடத்திலும் ஓசையின்றி நல்லை வைத்துவிட்டுப் போவார். மூன்று திரை தள்ளி ஆப் விழும்போது அவர் அருகில் இருக்கமாட்டார். மோஷி அங்கேயே நின்று, எத்தனையாவது பொருளின் எந்தக் கீ என்று பாதையோடு சொல்லி முறையிடும். எம் கட்சி மோஷி.

வேகத்துக்காகப் பார்சரை மாற்றிக்கொண்டே இருப்போர் ஒரு தனிச் சமயத்தார். நொடிக்கு 60 சட்டகம் காட்டும் திரையில் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லிசெகண்ட். டீகோடை மெயின் த்ரெடிலிருந்து இறக்குங்கள். மிச்ச விவாதம் பிறகு.

இன்மையெல்லாம் ஒன்றே என்னும் அத்வைதமும் செல்லாது. சர்வருக்குத் திருத்தம் அனுப்பும் முறையைச் சொல்லும் 2014இன் ஆர்எஃப்சி 7396 படி, நல் அனுப்பினால் 'அழி', கீயே அனுப்பாவிட்டால் 'தொடாதே'. ஸ்விஃப்ட் தானாக எழுதித்தரும் என்கோடரோ நில் (அதாவது நல்) மதிப்புகளை விட்டுவிட்டே அனுப்பும். பயனர் முகவரியை அழிக்கிறார். ஆப் மௌனம் காக்கிறது. சர்வர் முகவரியைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறது.

ஆகவே பேக்எண்ட் பெருமக்களே, எந்த ஃபீல்டில் எந்த இன்மை வரும் என்று ஏபிஐ ஆவணத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள். நான்காம் வகையை மட்டும் எந்த ஃபீல்டிலும் அனுப்பாதீர்கள்.