திட்டுவதற்கு ஓர் அரசாங்கம்

ஐம்பத்தைந்தைத் தாண்டிய கணவனும் மனைவியும் வீட்டில் எதைப் பற்றிப் பேசலாம் என்று யோசித்துப் பார்த்தால், மிஞ்சுவது மிகக் கொஞ்சம். மகனுக்கு எப்போது கல்யாணம் என்ற பேச்சை எடுத்தால் அது யார் செல்லம் கொடுத்துக் கெடுத்தார்கள் என்பதில் போய் முடியும். ஐம்பத்தைந்தில் எடுத்த சேமநிதிப் பணம் என்ன ஆயிற்று என்ற கேள்வி குசினியில் எழுந்தால், அன்றைய குழம்பில் உப்பு கூடும். கோயில் நிர்வாகத்தைப் பற்றிப் பேசலாமென்றால் அதில் மைத்துனர் பொருளாளராக இருப்பார். இனிப்பு நீருக்கு மருந்து போட்டாயிற்றா என்று மனைவி கேட்பது அக்கறைதான். கணவர் காதில் அது போலீஸ் விசாரணை. இவற்றையெல்லாம் கழித்துவிட்டால், இருவரும் ஒரே பக்கம் நின்று உரக்கப் பேசக்கூடிய விஷயம் அரசியல் ஒன்றுதான். பேராக்கின் சுங்காய் போன்ற ஊரில் இந்த வயதுக்காரர்கள் அரசாங்கத்தைத் திட்டுவதைப் பார்த்துவிட்டு, நாட்டின் மீதுள்ள வெறுப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. குடும்பம் உடையாமல் இருக்க நம் மக்கள் கண்டுபிடித்த ஏற்பாடு அது.

தோட்டத்தில் இருந்த காலத்தில் இதற்குப் புத்ராஜெயா வரை போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தண்டல் இருந்தார், கிராணி இருந்தார், அவர்களுக்கும் மேலே பங்களாவில் துரை இருந்தார். பால் எடையில் ஏமாற்றினார்கள், பேர் போடவில்லை, நல்ல மரங்களைச் சொந்தக்காரனுக்குக் கொடுத்தார்கள் என்று லயத்து வாசலில் உட்கார்ந்து புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து திட்டலாம். திட்டப்படுகிறவர் கூப்பிடு தூரத்தில் இருந்ததால் குரலைத் தாழ்த்தித் திட்ட வேண்டும் என்பது ஒன்றே குறை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகி ஜனங்கள் தாமான்களுக்கும் மலிவு வீடுகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். தாமானில் கிராணி கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டினால் நாளைக்கு அவர் முகத்தில் விழிக்க வேண்டும். ஆகவே கோபத்தின் விலாசம் மாறியது. மந்திரியைத் திட்டுவதில் உள்ள பெரிய சௌகரியம், அவர் சுங்காய் பாசாருக்கு மீன் வாங்க வரமாட்டார் என்பது.

சும்மா திட்டுகிறார்கள், வயதானால் எல்லாரும் இப்படித்தான் என்று இளைஞர்கள் சொல்வார்கள். உலகம் முழுக்க இந்த வயதில் முணுமுணுப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பேராக்காரர்களின் முணுமுணுப்புக்கு ஆதாரம் இருக்கிறது. சுங்காய் சட்டமன்றத் தொகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008 முதல் நடந்த நான்கு பொதுத் தேர்தல்களிலும் இங்கே ஜெயித்தவர் ஜசெகவின் சிவநேசன் ஒருவரே. அதே பள்ளிக்கூடம், அதே வரிசை. 2008 மார்ச்சில் நம் தொகுதி ஆளுங்கட்சித் தொகுதி ஆயிற்று. 2009 பிப்ரவரியில் மூன்று உறுப்பினர்கள் அணி மாற, ஆட்சி கவிழ்ந்து நாம் எதிர்க்கட்சி ஆனோம். மூவரில் ஒருவர் நமக்கு அருகிலுள்ள பேராங் தொகுதியின் உறுப்பினர் என்பது கூடுதல் வயிற்றெரிச்சல். 2018 மே மாதம் மறுபடியும் ஆளுங்கட்சி. 2020 மார்ச்சில், ஷெரட்டன் ஹோட்டலில் யாரோ கூடிப் பேசியதன் பலனாக, மீண்டும் எதிர்க்கட்சி. 2022 நவம்பரில் திரும்பவும் ஆளுங்கட்சி. சுங்காய் வாக்காளர் நின்ற இடத்தை விட்டு ஓரடி நகரவில்லை. அவரைச் சுற்றி அரசாங்கம் ஐந்து முறை இடம் மாறிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் ஒருவர் காலைக் கோப்பியைச் சத்தமில்லாமல் குடித்தால், அவருக்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

அந்த 2009-ஐ நினைவு வைத்திருப்பவர்கள் இப்போது ஐம்பதுகளின் நடுவிலோ அறுபதைத் தொட்டோ இருக்கிறார்கள். சட்டமன்றக் கட்டடத்துக்குள் விடவில்லை என்று மார்ச் 3-ஆம் தேதி ஈப்போவில் ஒரு மரத்தடியில் சட்டமன்றம் கூடியதை அவர்கள் பார்த்தார்கள். மே 7-ஆம் தேதி சபாநாயகர் வி. சிவகுமார் அவையிலிருந்து வலுக்கட்டாயமாக இழுத்து வெளியேற்றப்பட்டதையும், அவர் இடத்தில் ஆர். கணேசன் சபாநாயகராக அமர்ந்ததையும் பார்த்தார்கள். அப்போது மந்திரி பெசாராக இருந்தவர் ஆட்சியைக் கவிழ்த்த அணியின் ஜம்ரி. அந்த அமளியைச் சொல்லிச் சொல்லி எத்தனை கடைகளில் எத்தனை மேசைகள் தட்டப்பட்டிருக்கும்! 2022 டிசம்பரில் பிரதமர் அன்வாரின் அமைச்சரவை அறிவிக்கப்பட்டபோது வெளியுறவு அமைச்சர் ஜம்ரி, மனிதவள அமைச்சர் சிவகுமார். எல்லைத் தகராறில் பதின்மூன்று வருஷம் பேசாமல் இருந்த பங்காளிகள் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, 'ரசம் நல்லா இருக்கு' என்று சொல்வதைப் போன்றது அது. பங்காளிகள் சேர்ந்ததில் குறையில்லை. அவர்களுக்காக நடுவில் சண்டை போட்டு, மாமன் மச்சான் உறவை முறித்துக்கொண்டவன் கதிதான் பரிதாபம்.

அடுத்த ஆட்சேபம் இங்கேதான் வரும்: அரசியல் குடும்பத்தைப் பிரிக்கத்தானே செய்கிறது? மாமனார் மஇகா, மருமகன் ஜசெக என்று தீபாவளி விருந்தில் தட்டு நகர்ந்த வீடுகள் இல்லையா? இருந்தன. ஆனால் 2022-க்குப் பிறகு மஇகா இருக்கும் தேசிய முன்னணியும் ஜசெக இருக்கும் நம்பிக்கைக் கூட்டணியும் ஒரே அரசாங்கத்தில் இருக்கின்றன, ஈப்போவில் உள்ள மாநில அரசிலும் அப்படித்தான். மாமனாரும் மருமகனும் இப்போது ஒரே அரசாங்கத்துக்கு வாக்களித்தவர்கள். ஆகவே ஒரே அரசாங்கத்தைத் திட்டுகிறார்கள். குடும்ப ஒற்றுமைக்கு இந்தக் கூட்டணி செய்த சேவையை எந்தப் பத்திரிகையும் பாராட்டவில்லை. அரசியல் வீட்டுக்குள் நிஜமாகவே வெட்டுக் கத்தியாக வந்தது பணமாக வந்தபோதுதான். 1982-இல் மைக்கா நிறுவனப் பங்கு என்று மஇகா மேடைகளில் கூவியபோது, நகையை அடகு வைத்து வாங்கியவர்கள் உண்டு. 2010-இல், ஒரு வெள்ளிப் பங்குக்கு எண்பது காசு தருகிறோம் என்றார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் அந்தப் பங்கைப் பற்றி எத்தனை அம்மாக்கள் எத்தனை அப்பாக்களிடம் என்னென்ன கேட்டிருப்பார்கள் என்பதை எழுதினால் இந்தப் பத்திரிகை போதாது. அரசியல் மேடையில் இருக்கும்வரை தம்பதியருக்கு நல்லது. நகைப் பெட்டிக்குள் வந்தால் ஆபத்து.

அதனால்தான் 2025-இல் வந்த நூறு வெள்ளி கவனிக்க வேண்டிய சம்பவம். அந்த ஆண்டு ஆகஸ்டு 31 முதல், பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனின் மைகார்டிலும் நூறு வெள்ளி. அரிசி, எண்ணெய் போன்ற அத்தியாவசியப் பொருள்கள் மட்டும் வாங்க முடிந்தது. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் நானூறு வெள்ளி. கொள்கை அளவில் இந்தச் சில்லறை உதவிகள் மக்களைப் பிச்சைக்காரர்கள் ஆக்குகின்றன என்று கோப்பிக் கடையில் அரை மணி நேரம் முழங்கிய அப்பாவின் ஐசியை, வீட்டுக்கு வந்ததும் அம்மா கை நீட்டி வாங்கிக்கொள்வார். பேரங்காடியின் காசாளரிடம் ஐசிகள் ஒவ்வொன்றாக நீட்டப்படும். சமையல் எண்ணெய் எந்தக் கணக்கில், மைலோ எந்தக் கணக்கில் என்று அம்மா முன்பே பிரித்துவைத்திருப்பார். வண்டியைத் தள்ளுவது மட்டும் கொள்கைவாதியின் பொறுப்பு. கோலாலம்பூரில் வேலை செய்கிற மகனின் நூறு வெள்ளி அவனோடு அங்கேயே இருப்பதுதான் அம்மாவின் ஒரே அரசியல் மனக்குறை. அதே ஆண்டு செப்டம்பர் 30-இல், ஐசியைக் காட்டினால் ரோன்95 பெட்ரோல் லிட்டருக்கு 1.99 வெள்ளி என்ற திட்டம் ஓட்டுநர் உரிமம் உள்ள குடிமக்களுக்கு வந்தது, முன்பு 2.05. ஆறு காசு மிச்சத்தைப் பற்றி அப்பா பம்ப்பில் நின்று செய்யும் விமர்சனத்துக்கு ஈடு இணையில்லை. விமர்சனம் முடிந்ததும் தாங்கியை நிரப்பிக்கொண்டுதான் கிளம்புவார்.

இனி வலுவான ஆட்சேபம். இப்படி வீட்டிலேயே திட்டித் தீர்த்துக்கொண்டால், வெளியே யார் எதைக் கேட்பார்கள்? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, பாதிதான் இருக்கிறது. திட்டுவது குடும்பத்துக்கு நல்லது என்றேன். மந்திரிகளுக்கு அது இன்னும் நல்லது. காலையில் மாமாக் கடையில், இரவில் புலனத்தில் என்று இரண்டு வேளை திட்டியவருக்குக் குடிமகனாகச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது. தாமான் வடிகால் அடைத்திருப்பதை மாவட்ட மன்றத்துக்கு எழுதிப் போட வேண்டியவர், பிரதமருக்குப் பொருளாதாரம் தெரியவில்லை என்று நிரூபித்துவிட்டுத் தூங்கப் போகிறார். இதே பத்தாங் பாடாங் மாவட்டத்தில், ஆயர் கூனிங் இடைத்தேர்தல் 2025 ஏப்ரல் 26-இல் நடந்தபோது வாக்குப்பதிவு அறுபது விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. அந்த வாரம் கோப்பிக் கடைகளில் பேச்சுக்குப் பஞ்சம் இருந்திருக்காது.

ஆனாலும் திட்டுவதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லமாட்டேன்; நிறுத்தினால் பேச்சு மகன் கல்யாணத்துக்கும் சேமநிதிக்கும் திரும்பிவிடும். இன்னும் ஒரே ஒரு வேலை செய்தால் போதும். 2021 டிசம்பர் 15 முதல் பதினெட்டு வயதானவர்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள், அதுவும் ஐசியில் உள்ள முகவரிப்படி. கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் வேலை செய்கிற நம் பிள்ளைகள் பலரின் ஐசியில் இன்னமும் சுங்காய் வீட்டு முகவரிதான் இருக்கிறது. அடுத்த தேர்தலில் அவர்கள் சுங்காய் டோலில் இறங்கி வருவார்களா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அரசியலின் அவசியத்தை விளக்கி அப்பா அனுப்பும் நீளமான குரல் பதிவை அவர்கள் கேட்கமாட்டார்கள். வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பு அம்மா போன் போட்டு, சனிக்கிழமை கோழிப் பிரட்டல் என்று மட்டும் சொல்லட்டும்.