செர்காமுக்கு நான்கு நாள் வசந்தம் வேண்டி ஒரு விண்ணப்பம்

செர்காம்,
ஜாசின் மாவட்டம், மலாக்கா.

பெறுநர்:
சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சு,
புத்ராஜெயா.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பொருள்: நான்கு நாள், மூன்று இரவு வசந்தகால விடுமுறை ஒதுக்கக் கோருதல்

மேற்கண்ட விஷயத்தைத் தங்கள் மேலான பார்வைக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன். அரசாங்கக் கடிதத்தில் முதல் பத்திக்கு எண் போடக் கூடாது, இரண்டாவதிலிருந்துதான் 2, 3 என்று போட வேண்டும் என்று மகள் சொல்லிக்கொடுத்தாள். முதல் பத்திக்கு மட்டும் ஏன் எண் இல்லை என்று கேட்டேன். "அது லீவுல இருக்குப்பா" என்றாள். ஆக, இந்தக் கடிதத்தில் லீவு கிடைத்தது இந்த ஒரு பத்திக்கு மட்டும்தான் என்பதை முதலில் பதிவு செய்துகொள்கிறேன்.

2. இப்போதெல்லாம் கைப்பேசியைத் திறந்தால் ஒரே உபதேசம். நீண்ட விடுமுறையின் காலம் முடிந்துவிட்டதாம். ஒரேயடியாக மூன்று வாரம் ஓய்வெடுப்பதைவிட அடிக்கடி மூன்று நான்கு நாள் எடுப்பதே உடம்புக்கும் மனத்துக்கும் நல்லதாம். அதிலும் வசந்த காலத்தில் எடுத்தால் கூட்டமும் குறைவு, விலையும் குறைவாம். கொரியா, ஜப்பான், பூ மரத்தடி, கையில் காபி. பார்த்ததும் எனக்கும் ஆசை வந்தது. விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் இரண்டு தடைகள் தெரிந்தன. ஒன்று, எங்கள் ஊரில் வசந்தம் இல்லை. இரண்டு, என்னிடம் விடுமுறை இல்லை. முதலாவது கடவுள் செய்தது. இரண்டாவது சட்டம் செய்தது. வரிசைப்படி வருகிறேன்.

3. நம் நாட்டுக்கு இயற்கை ஒதுக்கியது வடகிழக்குப் பருவக்காற்று ஒன்று, தென்மேற்குப் பருவக்காற்று ஒன்று, இரண்டுக்கும் நடுவே புழுக்கம். உலகம் வசந்தம் கொண்டாடும் ஏப்ரலில்தான், 1998ஆம் ஆண்டு 9ஆம் தேதி, பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது. மற்ற நாட்டில் மொட்டு விரியும் காலத்தில் நம் வானிலைத் துறை எச்சரிக்கை விரிக்கிறது: மூன்று நாள் தொடர்ந்து 35ஐத் தொட்டால் முதல் நிலை, 37ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை, 40ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. சாலையோரத்து டெக்கோமா மரம் இளஞ்சிவப்பாகப் பூக்கும்போது அதன்கீழ் நின்று படம் எடுத்து, 'மலேசிய சக்குரா' என்று அனுப்பி வைக்கிறோம். படத்தில் வியர்வை தெரியாது என்பது ஒரு வசதி.

4. ஆனால், ஐயா, எங்களுக்கும் ஒரு காலத்தில் வசந்தம் இருந்தது. அது மரத்தில் வந்தது. தோட்டத்துக் கித்தா (ரப்பர்) மரம் பிப்ரவரி வாக்கில் இலை உதிர்க்கும். முதலில் மஞ்சள், அப்புறம் செங்கல் நிறம், அப்புறம் ஒரு காற்றுக்கு மொத்தமும் தரையில். வருஷம் முழுக்க இருண்டு கிடந்த காட்டுக்குள் திடீரென்று வானம் தெரியும். விடியற்காலையில் அப்பா உளியும் வாளியுமாக நிரைக்குள் இறங்கினால் சருகு நொறுங்கும் சத்தம் லயத்து வாசலுக்குக் கேட்கும். பிறகு கிளை நுனியில் செம்பு நிறத்தில் துளிர் விடும். நிமிர்ந்து நிற்கத் தெம்பில்லாமல், துவைத்துப் போட்ட துணிபோலத் தொங்கும். தொட்டால் வழுவழுவென்றிருக்கும். கூடவே பொடிப் பொடியாய் மஞ்சள் பூ, ஒரு மட்டான வாசம், தேனீ இரைச்சல். இத்தனைக்கும் வெள்ளைக்காரத் துரைமார் வைத்த பெயர் 'விண்டரிங்'. சட்டையைப் பிழிந்தால் ஒரு மங்கு நிறையும் வெயிலில் நின்றுகொண்டு அதைக் குளிர்காலம் என்று சொல்லும் தைரியம் துரைக்குத்தான் வரும்.

5. அந்த வசந்தத்துக்கு விடுமுறையும் இருந்தது, கூலிதான் இல்லை. இலை உதிர்ந்து துளிர் விடும்போது மரத்தில் பால் வற்றும். மங்கு பாதிகூட நிறையாது. நிறுவைக் கொட்டகையில் கிராணி எழுதும் எண் சிறுத்துப்போகும். மளிகைக் கடைக் கணக்கு மட்டும் இலை உதிர்க்காது. எப்படியும் வருமானம் இல்லாத காலம்தானே என்று அந்தப் பருவம் பார்த்துத்தான் தாத்தா ஊருக்குப் போனார். வாழ்நாளில் ஒரே தடவை. 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில். போக ஒரு வாரம், வர ஒரு வாரம், நடுவில் மூன்று மாதம். நீண்ட விடுமுறையிலிருந்து திரும்பி வருகிறவர்களுக்கு வேலையில் மனம் ஒட்டாது என்று இப்போது எழுதுகிறார்கள். தாத்தா கப்பலிலிருந்து இறங்கி வந்த மறுநாள் விடியுமுன்னே பெரட்டுக்கு நின்றார். மனம் ஒட்டியதா என்று தண்டல் கேட்கவில்லை.

6. பிறகு செம்பனை வந்தது. செம்பனை இலை உதிர்க்காது. மட்டையை நாம் வெட்டினால்தான் விழும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குலை பழுத்துக்கொண்டே இருக்கும், வருஷம் முழுக்க. கித்தாவை அழித்துச் செம்பனை நட்ட அன்றே எங்கள் வசந்தம் ரத்தாகிவிட்டது. அதற்கு ஒரு கெஜட் அறிவிப்புகூட வரவில்லை. லயத்தை விட்டு வெளியேறி நாங்கள் தொழிற்சாலைக்குப் போனோம். அங்கேயும் செம்பனை முறைதான்: பருவம் கிடையாது, மூன்று ஷிப்ட் உண்டு.

7. இனி இரண்டாவது தடை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரே இடத்தில் வேலை செய்து இரண்டு வருஷம் ஆகாதவருக்கு ஆண்டு விடுமுறை 8 நாள். இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 12 நாள். ஐந்துக்கு மேல் 16 நாள். முதலாளி இதற்கு மேல் கொடுத்தால் புண்ணியம், கொடுக்காவிட்டால் சட்டம். தொழிற்சாலையை மூடி வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் நாம் மறுபடி 8-லிருந்து தொடங்க வேண்டும். எனக்கு இப்போது மூன்றாவது 8 நடக்கிறது. அந்த எட்டில், தீபாவளிக்கு அரசாங்கம் தரும் ஒரு நாளோடு ஒட்டவைக்க இரண்டு போகும். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் இரண்டு. சாவு, பதினாறாம் நாள் என்று இரண்டு. பள்ளியில் பெற்றோர் கூட்டம், அடையாள அட்டை, கார் பழுது என்று அரை அரையாக ஒன்றரை. மீதி அரை நாள். அரை நாளில் ஜப்பான் போய்வரும் வழி தங்களுக்குத் தெரிந்தால் சொல்லவும்.

8. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்குக் குறைந்தது நான்கு வாரம் சம்பளத்தோடு விடுமுறை. அந்த நான்கு வாரத்தை ஒரே மூச்சில் எடுக்காமல் துண்டு துண்டாக எடுத்துப் பார் என்று அவர்களுக்குச் சொன்ன யோசனைதான் கப்பலேறி நமக்கு வந்திருக்கிறது. பந்தியில் நாலு தடவை சோறு வாங்கியவரைப் பார்த்து, 'குறைத்துச் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது' என்பது அக்கறை. அதையே இலைகூடப் போடப்படாதவரிடம் சொன்னால் அதற்குத் தமிழில் வேறு பெயர். நீண்ட விடுமுறை வைத்திருப்பவருக்குத்தான் குறுகிய விடுமுறை மாற்று. எங்களுக்கு அது மாற்று அல்ல, மொத்தமே அதுதான். அதுவும் ஒரே நாளில் குடும்பத்தில் எல்லாருக்கும் வருவதில்லை.

9. இதற்குச் சாட்சியாக இந்த 2026 பிப்ரவரியையே வைக்கிறேன். நாட்காட்டியைப் பார்த்து மகள் கூவினாள். 17, 18 சீனப் புத்தாண்டு. 19 நோன்பின் முதல் நாள், மலாக்காவில் விடுமுறை. 20, துங்கு அப்துல் ரஹ்மான் 1956-ல் மலாக்கா பண்டார் ஹிலிரில் சுதந்திரத் தேதியை அறிவித்த நாள், அதற்கும் மாநில விடுமுறை. பிறகு சனி, ஞாயிறு. ஆறு நாள்! அதுவும் கித்தா இலை உதிர்க்கும் அதே பருவத்தில். எங்கள் வசந்தம் திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் சட்டப்படி தொழிற்சாலை கொடுக்க வேண்டியது ஆண்டுக்கு 11 பொது விடுமுறை. அதில் ஐந்துதான் கட்டாயம். மற்றவற்றை நிர்வாகம் பொறுக்கிக்கொள்ளலாம். எங்கள் நிர்வாகம் 17, 18 இரண்டையும் பொறுக்கியது. மனைவி பேரங்காடியில் கல்லாவில் நிற்கிறவள். ஊரே லீவில் இருந்தால்தான் அவளுக்கு வேலை. அவளுக்கு வெள்ளி ஒரு நாள். வியாழனும் வெள்ளியும் எனக்கு ஷிப்ட். சனிக்கிழமை ஓ.டி.

10. ஆறு நாளில் நாங்கள் மூவரும் ஒன்றாக வீட்டில் இருந்தது ஞாயிறு மாலை மூன்று மணி நேரம். வீணாக்கக் கூடாது என்று கிளம்பினோம். மெர்லிமாவ் வரை. மகள் தன் சின்னச் சூட்கேஸை இழுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே ஒரு மாற்றுடை, துண்டு, பல் துலக்கி. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. கார் பின்பெட்டியைத் திறந்து அதை வைத்தேன். ரொட்டி சானாய் சாப்பிட்டுத் திரும்பினோம். சூட்கேஸைத் திறக்காமலே இறக்கினேன். நான்கு நாள், மூன்று இரவுக்குப் பதில் மூன்று மணி, இரண்டு ரொட்டி. இதைக் குறுஞ்சுற்றுலாக் கணக்கில் சேர்க்கலாமா என்று அமைச்சு தெளிவுபடுத்த வேண்டும்.

11. விடுமுறை நாளில் வேலை செய்தால் அன்றைய கூலிக்கு மேல் இரண்டு நாள் கூலி சேர்த்துத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். அதனால் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்குகிறவர், கைக்கு வந்த விடுமுறையையும் விற்றுவிடுகிறார். 2020 முதல் 2022 வரை உள்நாட்டுச் சுற்றுலாச் செலவுக்கு 1,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு கொடுத்தீர்கள். அதற்கும் நன்றி. 1,700 ரிங்கிட்காரருக்கு வருமான வரியே கிடையாது. கழிவதற்கு ஒன்றும் இல்லாததால், கழிவு கிடைக்காத குறை எங்களுக்கு இல்லை.

12. தெய்வத்திடம் கற்றுக்கொள்ளலாமே என்றால், அங்கும் எங்களைவிட நிலைமை மேல். 1781-ல் எழுந்த மலாக்கா பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து மாசி மகத்துக்கு முருகன் ரதமேறி, செங் சன்னாசிமலைக்குப் போய்த் திரும்புகிறார். மாநிலத்திலேயே முறையாக வசந்தகாலக் குறுஞ்சுற்றுலா போகிறவர் அவர் ஒருவர்தான். தோட்டக் காலத்தில் நாங்களும் லாரி பிடித்து, கட்டுச்சோறு கட்டி, மலையடியில் பாய் விரித்துப் படுத்துவிட்டு வந்தோம். ஒரு லயமே ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தது. இப்போது மாசி மகத்தன்று மனைவி காலையில் போகிறாள், நான் இரவில் போகிறேன். முருகன் இருவரையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறார்.

13. செர்காமில் விடுமுறையே தெரியாது என்று சொல்லவில்லை. வாராவாரம் பார்க்கிறோம். சனி இரவு உம்பாயிலிருந்து செர்காம் பந்தாய் வரை இக்கான் பாக்கார் கடைகளில் கோலாலம்பூர்க் கார், சிங்கப்பூர்க் கார். வாழை இலையில் பாரி (திருக்கை) மீன் சுடும் புகை சாலைக்கு வரும். வந்தவர்கள் கடலைப் பார்த்து, புலாவ் பெசார் தீவு எந்தப் பக்கம் என்று கேட்டு, படம் எடுத்து, 'என்ன அமைதியான ஊர்' என்கிறார்கள். அவர்களுடைய குறுஞ்சுற்றுலா நாங்கள். தட்டு எடுக்கிற பையனுக்கு அன்று இரவு இரண்டு மணி வரை வேலை. அவன் என் மச்சானின் மகன். அவன் பங்குக்கு அமைதி திங்கட்கிழமை வருகிறது, அன்று பள்ளிக்கூடத்தில் தூங்குகிறான்.

14. 'மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு 2026'-க்குச் சூரியக் கரடியைச் சின்னமாக வைத்ததை மனமாரப் பாராட்டுகிறேன். குளிர்நாட்டுக் கரடி மாதக்கணக்கில் தூங்குகிறது, அதுதான் நீண்ட விடுமுறை. நம் சூரியக் கரடிக்கு அந்தத் தூக்கம் கிடையாது, வருஷம் முழுக்க இரை தேட வேண்டும். நாட்டுத் தொழிலாளிக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் அமையாது.

15. ஆகவே, கீழ்க்கண்ட கோரிக்கைகளைப் பணிவுடன் வைக்கிறேன்:

அ. 'வருகை தரும் ஆண்டில்' வருகிறவர்களின் பட்டியலில் செர்காம்காரர்களையும் சேர்க்கவும். வரவேற்கும் வேலையை இதுவரை நாங்களே பார்த்துவிட்டோம்.

ஆ. மனிதவள அமைச்சோடு ஒரு நாள் தேநீர் குடிக்கவும். 8 என்ற எண்ணை அவர்களிடம் நினைவூட்டவும். மாநிலம் விடும் விடுமுறை பள்ளிக்கு மட்டுமில்லாமல் தொழிற்சாலைக்கும் கல்லாவுக்கும் சேர வழி கேட்கவும்.

இ. விடுமுறை நீளமா குட்டையா என்று எங்களுக்கு விவாதம் இல்லை. ஆண்டில் நான்கே நாள், ஒரு வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஒரே நான்கு நாள். வசந்தம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மழையில்கூட எடுத்துக்கொள்கிறோம்.

இத்துடன், சூட்கேஸ் இன்னும் பிரிக்கப்படாமல் கட்டிலடியில் தயாராக இருக்கிறது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
இடும் ஆணைக்குப் பணிந்து,
செர்காம் குடிமகன் (இரவு ஷிப்ட்)

நகல்:
1. மனிதவள அமைச்சு: ஆவன செய்ய.
2. வானிலைத் துறை: வசந்தம் தென்பட்டால் தெரிவிக்க.
3. சன்னாசிமலை ஆண்டவர்: மேற்பார்வைக்கு.
4. என் மனைவி: தகவலுக்கு. அவளுக்கு அடுத்த ஓய்வு நாள் செவ்வாய். எனக்கு வியாழன்.