எத்தினி வாட்டு?

வாட் கணக்கு அண்ணனிடம் மாட்டாதவர் ஆரணியில் இல்லை. கல்யாணத்துக்கு வந்தால் மாப்பிள்ளைக்கு முன்னால் வாசல் சீரியல் பல்பைப் பார்ப்பார். “எத்தினி வாட்டுப்பா இழுக்குது?” டீக்கடையில் மிக்ஸிக்கும் இதே கேள்விதான். மூச்சுத் திணறலில் படுத்திருந்த பெரியவரைப் பார்க்கப் போனவர், பழத்தை வைத்துவிட்டு ஆக்ஸிஜன் மெஷினின் பின்பக்க ஸ்டிக்கரைக் குனிந்து படித்தார். பெரியவரே முகமூடியை விலக்கி, “கரண்டு ஆஸ்பத்திரிதுப்பா, நம்மளுது இல்ல” என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இப்போது கம்ப்யூட்டர் வாங்குகிறார். அதாவது, வாங்கப்போகிறார். நிபந்தனை இரண்டு: வீடியோ திக்காமல் ஓட வேண்டும், மீட்டர் ஓடக் கூடாது.

முதலில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர். 2019-இல் வந்த நான்காம் மாடலா, 2023-இல் வந்த ஐந்தாவதா? புதியதில் ஹெச்.264 வீடியோவைப் பிரிக்கும் தனிப் பகுதியை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்த இரவு பதினொரு மணிக்கு எனக்குப் போன். “ஏம்பா எடுத்தான்?” எனக்கெப்படித் தெரியும்? செயலியே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்றேன். “அப்ப வாட்டு கூடுமே!”

விஷயம் இவ்வளவுதான். வீடியோ திக்குவதும் திக்காததும் வேகத்தில் மட்டும் இல்லை; வந்து சேரும் வீடியோவைப் பிரிக்கச் சிப்பிலேயே தனிப் பகுதி உண்டா என்பதிலும் இருக்கிறது. தறிக்குத் தார் சுற்ற ஆள் இருந்தால் நெய்கிறவர் நெய்துகொண்டே இருக்கலாம். இல்லாவிட்டால் நாடாவை வைத்துவிட்டு அவரேதான் எழுந்து போக வேண்டும். யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 வகையில்தான் வருகிறது. இன்டெல் என்100 சிப்புக்கு இரண்டும் தெரியும். அதன் கணக்கு 6 வாட். பெட்டி முழுக்கச் சேர்த்தாலும் படம் ஓடும்போது பத்துப் பதினைந்து வாட்டுதான் வரும். அதை வாங்குங்கள் என்று சொல்லியாயிற்று. “ஸ்டாண்ட்பையில எவ்ளோ?” என்கிறார்.

சரி, கணக்கே போடுவோம். 80 வாட் பழைய டெஸ்க்டாப்பை தினம் ஐந்து மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட். 10 வாட் பெட்டிக்கு 3 யூனிட். மிச்சம் 21 யூனிட். அண்ணன் வீட்டில் இருப்பது கைத்தறி. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 2023-இல் 300 ஆக்கினார்கள். அவர் வீட்டு மீட்டர் 200-ஐத் தாண்டியதே கிடையாது. ஆக, இத்தனை ஆராய்ச்சியிலும் அவருக்கு மிச்சமாகப்போகும் தொகை பூஜ்யம்.

இதைச் சொல்லும்போது அவர் தலைக்கு மேல் 75 வாட் பழைய ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதை அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. வாட் என்பது இனி வாங்கும் பொருளுக்கு மட்டும்தான்.

நல்ல மனுஷர். என் வீட்டு மோட்டார் வீணாக ஓடினால் அவரே வந்து அணைத்துவிட்டுப் போவார். ஆனால் அவர் பெண் சேலை டிசைன் போடப் படிக்கிறாள். பாடமெல்லாம் வீடியோ. அவள் அண்ணனுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினியில்தான் பார்க்கிறாள். முந்தானை வரைவதற்குள் படம் நின்றுவிடுகிறது. அவருக்கு வாட் மிச்சம். அவளுக்குப் பாடம் பாக்கி. இது எனக்குச் சிரிப்பாக இல்லை.

ஆரணியில் கம்ப்யூட்டர் விற்கும் புண்ணியவான்களே, அவர் வந்தால் “பத்து வாட்டு” என்று சொல்லி உடனே பில்லைப் போட்டுவிடுங்கள். அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள்.