போடு மாப்ளே, இன்னும் இருநூறு அடி!

போடு மாப்ளே, இன்னும் இருநூறு அடி போடு. அறுநூறுல வெறும் புழுதி பறந்துச்சேன்னு மனசு விட்டுராதே. உள்ளங்கையில தேங்காய வச்சு நீரோட்டம் பாத்தவருக்கு வேட்டி, துண்டு, ரூவா எல்லாம் குடுத்தாச்சு. தேங்காயும் எந்திரிச்சு நின்னுச்சு. தேங்கா பொய் சொல்லுமா? போர் வண்டிக்காரன் ஆழம் போகப்போக அடிக்கு ரேட்டை ஏத்துதான். அவனும் பிழைக்க வேண்டாமா?

“கரண்டு ஓசிதான மாமா”ங்கே. ஓசிதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். விவசாயிகள் சங்கம் நடத்துன நாராயணசாமி நாயுடு காலத்துல கட்டண உயர்வை எதிர்த்து விவசாயி துப்பாக்கிக் குண்டு வாங்கிச் செத்திருக்கான். 1972-ல கோயம்புத்தூர் ரோடு பூரா மாட்டு வண்டியக் கொண்டாந்து நிறுத்தினான். 1984-ல சிறு விவசாயிக்கும், 1990 வாக்குல எல்லாருக்கும் ஓசி ஆச்சு. இன்னைக்குத் தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேல பம்புசெட்டு ஓசிக் கரண்டுல ஓடுது. பில்லு வரலைன்னா செலவே இல்லைன்னு நினைக்கே பாரு, அந்த வெள்ளை மனசுக்காகத்தான் எங்க அக்கா உன்னையப் பொத்திப் பொத்தி வளத்தா.

என் பேத்தி காலேஜ்ல படிக்கால்ல, அவ கணக்குப் போட்டுச் சொன்னா. நாப்பது அடிக் கிணத்துல இருந்து ஆயிரம் லிட்டர் தண்ணிய மேல கொண்டாற, பாதி கரண்டை வீணாக்குற மோட்டாருக்குக்கூட ஒரு யூனிட்டுல பதினஞ்சுல ஒரு பங்கு போதுமாம். அதே தண்ணி 800 அடியில கெடந்தா ஒண்ணேகால் யூனிட்டுக்கு மேல வேணுமாம். இருபது மடங்கு! கரும்பு அதே கரும்பு, ஆலையில குடுக்குற காசும் அதே காசு.

சரி, அந்தக் கரண்டு எங்க இருந்து வருது? நமக்கு வடமேற்க, மலையைத் தாண்டுனா லோயர் கேம்ப் மின்நிலையம். மேற்க ஓடுன பெரியாத்தை பென்னிகுக் 1895-ல அணை கட்டி, மலையக் குடைஞ்சு கிழக்க திருப்பினாரு. இப்ப அந்தத் தண்ணி கீழ எறங்குற வேகத்துல மின்சாரத்துக்குச் சக்கரம் சுத்திக் குடுத்துட்டு, அப்புறமும் கம்பம் பள்ளத்தாக்குல நெல்லுக்குப் பாயுது. ஒரே தண்ணி ரெண்டு வேலை பாக்குது. எல்லாக் கரண்டும் அப்படியா வருது? மேட்டூர்ல நிலக்கரிய எரிச்சுக் கரண்டு எடுக்க காவிரித் தண்ணி வேணும். பழைய அனல்மின் நிலையம் யூனிட்டுக்கு மூணரை லிட்டருக்கு மேல தண்ணி குடிக்கப்படாதுன்னு டெல்லியில 2015-ல விதியே போட்டான். நெய்வேலியில இன்னும் கூத்து. பழுப்பு நிலக்கரிய எடுக்கணும்னா, அதுக்கு அடியில முட்டிக்கிட்டு நிக்குற ஊத்துத் தண்ணிய ராப்பகலா இறைச்சுக்கிட்டே இருக்கணும். அங்க தண்ணிய இறைச்சுக் கரண்டு எடுக்கான்; இங்க நீ கரண்டை வச்சுத் தண்ணி எடுக்கே. செக்குமாடு கூட இம்புட்டுச் சுத்தாது.

கமலை காலத்துல மாடு களைச்சா நின்னுரும். அது நிக்குற நேரத்துல கிணறு ஊறிக்கிடும். ஆட்டோ ஸ்டார்ட்டருக்கு ஏதுடா அசதி? நீ வீட்டுல குறட்டை விடுதே. ராத்திரி ரெண்டு மணிக்கு த்ரீ பேஸ் வந்தா மோட்டாரு அதுபாட்டுக்கு ஓடுது. வாய்க்கா உடைஞ்சு பக்கத்துக் காட்டுக் கோரைப்புல்லு தளதளன்னு நிக்கி. அந்தக் காட்டுக்காரரு உனக்கு மாலை போடணும்.

இப்ப சோலார் பம்புக்கு மானியம்ங்கே. வாங்கு, வாங்கு. மின்வாரியத்துக்காவது நேரங்காலம் உண்டு. சூரியன் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இழுப்பான். பக்கத்துத் தோட்டக்காரனும் ஒண்ணு மாட்டுவான். அப்புறம் யாரு போர் முதல்ல வத்துதுன்னு பந்தயம் கட்டுங்க, நான் திண்ணையில உக்காந்து தீர்ப்புச் சொல்லுதேன்.

நம்ம ஊருத் திருவண்ணாமலைப் பெருமாள் மலை மேல நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. ஐப்பசி, கார்த்திகையில மேற்கு மலையில பெய்யுற மழை ஒரு பைசா கரண்டு கேக்காம ஓடையில தானா எறங்கி வருது. மலை அதைச் சும்மா தள்ளிவிடுது. நாம என்ன செய்தோம்? கண்மாய் வரத்துக்கால்ல மண்ணைக் கொட்டி வீட்டைக் கட்டினோம். கண்மாய சீமைக்கருவேலத்துக்குக் குத்தகைக்கு விட்ட மாதிரி விட்டுட்டோம். கண்மாயில தண்ணி நின்னா கிணறு ஊறும், கிணறு ஊறினா மோட்டாருக்கு வேலை குறையும். இது உனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா போர் வண்டி ராத்திரி பூரா சத்தம் போட்டாத்தான் ஊருக்குள்ள நீ பெரிய விவசாயி. கட்டப்போறதாச் சொல்லுற அழகர் அணைப் பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் வருது, போவுது. அணை வர்றப்ப வரட்டும்.

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை மலைக்கு வருவேல்ல? மறுநா ஞாயித்துக்கிழமை வரத்துக்கால்ல மண்ணள்ளுறோம். மம்பட்டியோட வந்து சேரு, ரெண்டு பசங்களையும் கூட்டிட்டு வா. போர் வண்டிக்குக் குடுத்த அட்வான்சைத் திருப்பி வாங்குறது உன் சாமர்த்தியம்.