வந்துட்டே இருக்கேன்

இதை எழுதும் இந்த நிமிடத்திலும் ஒரு நண்பர் வந்துகொண்டே இருக்கிறார். எங்கே வருகிறீர்கள் என்று இன்னொரு தரம் கேட்டால், நம்பிக்கை இல்லையா என்பார். அவர் வருவதற்குள் நேர்மை, மரியாதை, விட்டுக்கொடுத்தல் என்று உறவுக்கு வேண்டிய மூன்றைப் பற்றியும் எழுதி முடித்துவிடலாம். நேரம் தாராளமாக இருக்கிறது.

தாம்பரத்திலிருந்து தி.நகர் வரவேண்டியவரை எடுத்துக்கொள்வோம். முதல் போனில் 'கிளம்பிட்டேன்' என்பார். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். இரண்டாவதில் பல்லாவரம் தாண்டியிருப்பார்; குக்கர் விசில் கேட்கும். ஜிஎஸ்டி சாலையில் யார் குக்கர் வைக்கிறார்கள் என்று நாகரிகம் தெரிந்தவர்கள் கேட்பதில்லை. மூன்றாவதில் மீனம்பாக்கம், விமானத்துக்குப் பதில் சீரியல் மாமியார் இரைவாள். நான்காவதில் கத்திப்பாரா சிக்னலில் மாட்டிக்கொண்டிருப்பார். சிக்னலில் நிற்காமல் போகட்டும் என்றுதான் அங்கே 2008இல் மேம்பாலத்தையே திறந்தார்கள், ஆனாலும் நிற்பார். ஐந்தாவதில் சைதாப்பேட்டை, அங்கிருந்தபடியே 'என் நீலச் சட்டை எங்கே?' என்று யாரையோ அதட்டுவார். ஆறாவதில் 'பக்கத்துல வந்துட்டேன், எந்த ஓட்டல்னு சொன்னே?' தரைவழித் தொலைபேசிக் காலத்தில் இந்த வசதி கிடையாது. வீட்டுப் போனை எடுத்தவர் வீட்டில்தான் இருந்தாக வேண்டும். 1995இல் இந்தியாவுக்குச் செல்போன் வந்தது, பொய்க்குச் சக்கரம் முளைத்தது. 2017இல் வாட்ஸ்அப் லைவ் லொகேஷனைக் கொண்டுவந்தது. எட்டு மணி நேரம் வரை இருக்குமிடத்தைக் காட்டும். அனுப்பச் சொல்லிப் பாருங்கள், அந்த நொடியே சார்ஜ் தீர்ந்துவிடும்.

டிராஃபிக் என்று வாதாடுவார்கள். கடற்கரை–தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. மாம்பலத்தில் இறங்கினால் தி.நகர். இல்லை, வண்டியில்தான் வருவேன் என்றாலும், டிராஃபிக் இன்று காலை முளைத்ததல்லவே. இதே மனிதர் வைகை எக்ஸ்பிரஸைப் பிடிக்க ஒரு மணி நேரம் முன்னாலேயே எழும்பூரில் போய் நிற்பார். ஆக, நேரம் பார்க்கத் தெரியாதவர் இல்லை. ரயில் நிற்காது, நண்பன் நிற்பான். மேலதிகாரி திட்டுவார், அம்மா சோற்றை மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான் கணக்கு. பயப்படும் இடத்தில் நேரம், பிரியப்படும் இடத்தில் பொய்.

சின்னப் பொய்தானே, வள்ளுவரே அனுமதித்திருக்கிறாரே என்பார்கள். வாய்மை அதிகாரத்தில் அனுமதி இருப்பது வாஸ்தவம். ஆனால் குற்றமில்லாத நன்மை விளைந்தால்தான் என்று அதே குறளில் நிபந்தனையும் போட்டிருக்கிறார். பனகல் பூங்கா வாசலில் வெயிலில் நிற்பவனுக்கு விளையும் நன்மை வைட்டமின் டி ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் மனசு நோகுமே என்பது அடுத்த வாதம். நோகாது. 'இன்னும் குளிக்கவே இல்லை' என்று தெரிந்தால் அவன் ஒரு காபி குடிப்பான், நாலு பக்கம் படிப்பான், தன் வீட்டிலேயே இன்னும் கொஞ்சம் தூங்குவான். அந்த ஒரு மணி நேரம் அவனுடையது. அதை என்ன செய்வதென்று அவன் முடிவு செய்யட்டும் என்று விடுவதுதான் மரியாதை. நேர்மையும் மரியாதையும் இங்கே ஒன்றாகவே வந்துவிடுகின்றன, நேரத்துக்கு. விட்டுக்கொடுத்தலைப் பற்றி எழுத இடமில்லை. இப்போதைக்கு மனமும் இல்லை.

நேரத்துக்கு வாருங்கள் என்று யாரையும் கேட்கவில்லை. அவ்வளவு பேராசை கிடையாது. குளிக்கவில்லை என்றால் குளிக்கவில்லை என்று சொல்லுங்கள், போதும்.